கொப்புளிப்பான் என்று சொன்னவர்

தில்லைநாதனைப் பற்றி வெள்ளவத்தையில் யாரிடம் விசாரித்திருந்தாலும் ஒரு குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். மனைவி கனகேஸ்வரியும் ஒரே மகளும் ஊரில், உடுப்பிட்டியில் இருந்தார்கள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்த சம்மறி வீட்டில் அவர் தங்கியிருந்தார். மூத்தவர் என்பதால் வீடு அவர் பெயரில் இருந்தது. கடன் வாங்கமாட்டார், குடிக்கமாட்டார், ஒருவரோடும் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. ஏதாவது ஒரு காரியம் தன்னை நோக்கி வருகிறது என்று தெரிந்தால், சற்று விலகி நின்றுகொள்வார். ஒருமுறை ஜூரியாக இருக்க வரும்படி உயர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. தெஹிவளையில் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் போய், முதுகுவலி என்று சேட்டிபிக்கட் வாங்கிக் கொடுத்துவிட்டார். இன்னொருமுறை காலி வீதியில் ஒரு கார் றிக்‌ஷாக்காரன் ஒருவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. தில்லைநாதன் அதைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டவர். பொலிஸ்காரர் வந்து கண்டவர்கள் யார் என்று கேட்டபோது, தான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அந்த இடத்தில் நின்றால் கடல் தெரியாது. பொலிஸ்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் அவர் பிழையாக நினைத்ததில்லை. பெண்பிள்ளை வைத்திருக்கிறவன் வழக்கு, கோடு, பொலிஸ் என்று அலையக்கூடாது என்பது அவர் எண்ணம். ஜூரியில் இன்னொருவர் இருப்பார். சாட்சி சொல்ல இன்னொருவர் வருவார். கொழும்பில் மனிதருக்கா பஞ்சம்?

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த நாட்களில், துறைமுகப் பக்கம் வைசூரி வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருங்கிய ஒரு வளவை மறித்துக் காவல் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். நோயாளிகளை ஏற்றும், கண்ணாடிகளில் வெள்ளை பூசிய வண்டி ஒன்று பகல் நேரத்தில் தெருத்தெருவாகப் போய்வந்தது. அது போகும்போது கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒழுங்கை முனையில் மூன்று பாஷையிலும் விளம்பரம் ஒட்டப்பட்டது. சந்தேகமான வருத்தம் எதுவானாலும் வீட்டுக்குப் பொறுப்பானவர் உடனே நகரசபைக்கு அறிவிக்கவேண்டும்; அறிவிக்காமல் மறைப்பது குற்றம். தில்லைநாதன் கந்தோருக்குப் போகும் வழியில் அதை நின்று வாசித்தார்.

அந்தக் கிழமையே சம்மறியில் இருந்த வல்லிபுரம் மத்தியானத்தோடு வேலையிலிருந்து திரும்பிவந்தான். அவன் துறைமுகத்தில் கப்பல் சாமான்களைக் கணக்கெடுக்கும் கிளாக்கர். இருபத்திரண்டு வயது, ஊரில் விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தான்.

"அண்ணை, முதுகு பிளக்குது. தலையைத் தூக்கேலாமல் கிடக்கு," என்றான்.

காய்ச்சல் கொதித்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். பிறகு ஒரு காலையில் காய்ச்சல் தணிந்தது போலிருந்தது. முகம் கழுவ எழுந்தவனின் நெற்றியிலும் மணிக்கட்டுகளிலும் சிவப்பாகப் பொட்டுப்பொட்டாக எழும்பியிருந்தது. அன்று பின்னேரத்துக்குள் அவை கையால் தடவினால் தோலுக்குக் கீழே பயறு கிடப்பது போல இறுகிவிட்டன.

தில்லைநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். சின்ன வயதில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தியிருந்ததும், முகத்திலும் கைகால்களிலும் நெருங்கியெழுந்த அந்த முத்துகளும், அறையில் நின்ற வாடையும் அவருக்கு மறக்கவில்லை. கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்குமிழ் போலப் போடும். இது அதுவல்ல. அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

சம்மறியில் மூன்றாவது ஆள் ஸ்ரீஸ்கந்தராசா. வயது முப்பது. உத்தியோக உயர்வுக்கான சோதனை அவனுக்கு அந்த மாதக் கடைசியில் இருந்தது. அவன் தில்லைநாதனைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணை, உது கொப்புளிப்பான்."

"நெஞ்சில ஒண்டுமில்லையடாப்பா. முகத்திலயும் கையிலயுந்தான் கிடக்கு."

"நீங்கள் டொக்டரோ? நானும் டொக்டரில்லை. தெரியாத ரண்டு பேர் பாத்து என்ன பேர் வைச்சாலும் பிழைதான். பிறகேன் உள்ளதுக்குள்ள பெரிய பேரை வைக்கிறியள்?"

"டொக்டர் ஒராளைக் கூப்பிட்டுக் காட்டுவமே?"

"கூப்பிட்டால் அவர் அறிவிச்சுத்தான் ஆகவேணும். வண்டி வரும். எங்கள் எல்லாரையும் மறிச்சு வைக்கிற காம்புக்குக் கொண்டு போவாங்கள். என்ரை சோதினை போச்சு. உங்கடை மகளின்ரை கலியாணம் வைகாசியில. வைசூரி வீட்டிலயிருந்து வாற மாமனாரைக் கண்டால் மாப்பிள்ளை பகுதி என்ன செய்யும்? யோசியுங்கோ."

தில்லைநாதன் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கொப்புளிப்பான் என்ற சொல் அவருக்கு வசதியாகப்பட்டது. அது பொய்யென்று முழுதாகச் சொல்லமுடியாத ஒரு சொல். அம்மாள் வருத்தங்களில் அதுவும் ஒன்றுதானே.

முதலில் அதை அவர் சமையற்காரன் நோபேட்டிடம் சொன்னார். நோபேட் கொட்டாஞ்சேனைக்காரன், கத்தோலிக்கன். கிழமை முழுவதும் சம்மறியில் தங்கிச் சமைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்சாதி பிள்ளைகளிடம் போய்வருவான். ஒரே குழாயில் ஒரு வளவு சனம் முழுவதும் தண்ணீர் பிடிக்கும் இடம் அவனுடையது.

"ஐயா, இது பயமில்லாத வருத்தந்தானே? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு," என்று நோபேட் கேட்டான். கையில் வல்லிபுரத்தின் போர்வை இருந்தது, துவைக்க எடுத்துக்கொண்டு போகிறான்.

"சும்மா கொப்புளிப்பான். ஒண்டுக்கும் பயப்பிடாதை."

"ஐயா சொன்னாச் சரி," என்றான் நோபேட்.

அந்த ஞாயிறு அவன் வழக்கம்போல வீட்டுக்குப் போனான். தில்லைநாதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறிப்பதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்வதற்கு ஒரு காரணந்தான் இருந்தது.

பக்கத்து வீடு றவூபுடையது. ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். றவூபின் மனைவி றமீலா; மகள் ருக்கியாவுக்கு ஆறு வயது. மதிலில் கிடந்த உடைவு வழியாகச் சம்மறிக்குள் வந்து போவது அவளுக்குப் பழக்கம். வல்லிபுரம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயர்களை அவளுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவள் தப்புத்தப்பாகத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள்.

திங்கள் காலையில் றவூப் மதிலருகே வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், ஒங்கட ஊட்டுல தம்பிக்கு சொகமில்லயாமே? ஆளக் காணவே இல்ல."

சம்மறியில் இருந்த எல்லாரையும் றவூப் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். தில்லைநாதன் பூவரசு இலைகளைப் பொறுக்குவது போலக் குனிந்தார்.

"ஓம் முதலாளி. கொப்புளிப்பான் போட்டிருக்கு. தேறியிட்டுது."

"அல்லாட காவல். இந்த நாள்ல காய்ச்சல் எண்டாலே பயமாத்தான் ஈக்கிது. றமீலா கஞ்சி காச்சீக்கிறா, அனுப்பச் சொன்ன."

அவர் சொல்லி முடிக்கும்போதே ருக்கியா மூடிய கோப்பையைத் துணியால் பிடித்துக்கொண்டு மதிலின் உடைவு வழியாக உள்ளே வந்துவிட்டாள். தில்லைநாதனைத் தாண்டிப் போனாள். வீட்டுக்குள் நுழைந்து நடையில் போனாள். நடையின் முடிவில் வல்லிபுரத்தின் அறை. கதவு சாத்தியிருக்கவில்லை.

"பிள்ளை, போகாதை!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் அப்படிக் கத்தினால் மதிலடியில் நிற்கிற மனிதர், கொப்புளிப்பானுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பார். தில்லைநாதன் குனிந்தபடியே இன்னொரு இலையைப் பொறுக்கினார். குழந்தையின் வெறுங்கால்கள் சிமெந்துத் தரையில் போகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. உள்ளேயிருந்து அவள் ஏதோ ஒரு கப்பலின் பெயரைச் சொல்வது கேட்டது. வல்லிபுரம் மெதுவாக அதைத் திருத்தினான்.

"உள்ள நிண்டு அவருக்குக் கரச்சல் குடுக்காம வா மகள்!" என்று றவூப்தான் கூப்பிட்டார்.

அவள் ஓடிவந்தபோது கையில் ஒரு வெள்ளிக் காகிதம் இருந்தது. வல்லிபுரம் தலையணைக்குக் கீழே வைத்திருந்த சொக்கிலேற் சுற்றிய காகிதம். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தில்லைநாதனைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அன்று கந்தோரில் ஒரு வேலையும் செய்யவில்லை. பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது வெள்ளை பூசிய வண்டி காலி வீதியில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது தன் ஒழுங்கைக்குள் திரும்புமோ என்று பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமல் போனது. வீட்டுக்குப் போகாமல் இருட்டும்வரை காலி வீதியிலேயே நின்றார்.

முத்துகளில் சீழ் பிடிக்கத் தொடங்கியது. வாடை நடைக்கு வந்துவிட்டது. இனி மறைக்கமுடியாது என்று ஸ்ரீஸ்கந்தராசா கண்டுகொண்டான்.

"ஊருக்கு அனுப்புவம் அண்ணை. நாளைக் காலை ரயிலில ஏத்திவிட்டால் இரவுக்குள்ள தாயிட்டைப் போயிடுவான். தாய் பாக்கிற மாதிரி ஆஸ்பத்திரியில பாப்பினமோ? வேப்பிலையும் இளநீரும் அங்கைதான் இருக்கு."

"வழியில ஆரும் கேட்டால்?"

"ஆர் கேக்கிறது? சால்வையால மூடிவிடுவம். எங்கடை வீட்டில வருத்தக்காரன் இல்லையெண்டால் அறிவிக்க எங்களிட்டை என்ன கிடக்கு?"

தில்லைநாதன் கொடியில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து மடித்தார். அது சம்மதம் என்று இருவருக்கும் தெரியும்.

விடிந்ததும் வாடகைக் கார் ஒன்று பிடித்தார்கள். சாரதியிடம், பொடியனுக்கு மலேரியா என்று சொன்னார்கள். வல்லிபுரத்தைக் கம்பளிச் சால்வையால் தலையோடு மூடி நடுவில் இருத்தினார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அவன் தில்லைநாதனின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அண்ணை, என்னை ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போறியள்?"

"ஊருக்குத் தம்பி. அம்மாவிட்டை."

"அம்மா பயந்திடுவா." கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "சின்னனில அம்மைப்பால் குத்த ஆள் வந்தால் அம்மா என்னைப் பனங்காணிக்குள்ள கொண்டுபோய் ஒளிச்சு வைப்பா. கையில ஊசி ஏத்தினால் நோகுமாம். நான் அழுவனாம்."

கோட்டை ஸ்ரேசனில் கூட்டம். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு மூலையில் அவனை இருத்தினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா, "நான் வெளியில நிக்கிறன்," என்று இறங்கிவிட்டான். தில்லைநாதனும் இறங்கியிருக்கவேண்டும். அப்போது எதிர் வாங்கில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் கைக்குழந்தை. இன்னும் இரண்டு பிள்ளைகள் யன்னலோர இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். கொடிகாமத்துக்குப் போகிறாளாம், தம்பியாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். கேட்காமலே சொன்னாள். வல்லிபுரத்தின் தலை மரச்சுவரில் சரிந்து கிடப்பதைக் கண்டதும் தன் உடுப்பு மூட்டையைத் தூக்கி நீட்டினாள்.

"இதைத் தலைக்கு வையுங்கோ. பாவம், நல்லாய் வேர்க்குது. தம்பிக்கு என்ன வருத்தம்?"

"காய்ச்சல்," என்றார் தில்லைநாதன்.

அவள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, தன் கையாலேயே மூட்டையை அவன் கழுத்தடியில் வைக்கப் போனாள். சால்வை சற்று விலகியது. அவள் கை நின்றது.

"அண்ணை, இது தொத்து வருத்தமோ?"

"இல்லைப் பிள்ளை, இது கொப்…"

நோபேட்டிடமும் றவூபிடமும் இலகுவாகச் சொல்லிவிட்ட சொல்லை அந்த இடத்தில் அவரால் முடிக்கமுடியவில்லை. தோளில் கிடந்த குழந்தை அவரையே பார்த்தது. பெட்டியில் இருந்த சனமெல்லாம் யன்னலால் வடையும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஸ்ரீஸ்கந்தராசா இறங்கும்படி கையைக் காட்டினான்.

"வைசூரி," என்றார் தில்லைநாதன். "பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு இறங்கு. கெதியா இறங்கு."

அவள் போட்ட கூச்சலில் பெட்டி குலைந்தது. சனம் கதவாலும் யன்னலாலும் பாய்ந்தது. ஒருவர் போகிற போக்கில் குடைப்பிடியால் தில்லைநாதனின் முகத்தில் அடித்தார். மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. ரயில் கார்ட் ஓடிவந்து சிங்களத்தில் என்னவென்று கத்தினார். தில்லைநாதன் கத்தாமல், வீட்டு விலாசத்தையும் தன் பெயரையும் சொன்னார். பிறகு பார்த்தபோது பிளாற்போமில் ஸ்ரீஸ்கந்தராசாவைக் காணவில்லை.

வெறுமையான பெட்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். வெளியே பொலிஸ்காரர் கயிறு பிடித்துச் சனத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

"இனி ஆஸ்பத்திரிக்குத்தானே அண்ணை?" என்று வல்லிபுரம் கேட்டான்.

"ஓமடா தம்பி."

"முதலே போயிருக்கலாம்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து அவன் இறந்துபோனான். உடலைக்கூட வெளியே கொடுக்கவில்லை. ஊரிலிருந்து வந்த தாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள் என்று தில்லைநாதன் பிறகு கேள்விப்பட்டார்.

அவரையும், நோபேட்டையும், ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்ட ஸ்ரீஸ்கந்தராசாவையும், றவூப் குடும்பத்தையும் ஒரே வண்டியில்தான் காம்புக்குக் கொண்டு போனார்கள். தகரக் கொட்டில்கள். முள்ளுக்கம்பி. ஒவ்வொரு காலையும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நெற்றியைப் பார்ப்பார்கள். யாராவது இரவில் இருமினால் முழுக் கொட்டிலும் விழித்துக்கொள்ளும். எல்லாருக்கும் அம்மைப்பால் குத்தினார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் முன்பே குத்திய தழும்பு இருந்தது. ருக்கியாவுக்கு மட்டும் இல்லை. போன வருடம் குத்த வந்தபோது பிள்ளைக்குச் சளி, தடிமன் என்று றமீலா திருப்பி அனுப்பியிருந்தாள்.

காம்பில் றவூப் அவரோடு பேசவில்லை. கம்பிவேலியின் மறுபக்கத்தில் தொழுதுவிட்டு எழும்பும்போது ஒருமுறை மட்டும் அவரைப் பார்த்தார். தில்லைநாதன் கந்தோரில் ஏச்சு வாங்கியிருக்கிறார், குடைப்பிடியால் அடி வாங்கியிருக்கிறார். அந்தப் பார்வைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஒரு காலை வரிசையில் ருக்கியா நிற்கவில்லை. றமீலா அவளைத் தூக்கி வைத்திருந்தாள். காய்ச்சல். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே நின்ற தில்லைநாதனைத் தாண்டும்போது நின்றார். அவர் ஒரு பறங்கிக்காரர், வயதானவர். ஆங்கிலத்தில், கோபமில்லாமல் சொன்னார்: குழந்தை அறைக்குள் போனது எப்போது என்று தாயிடம் கேட்டறிந்தேன். அன்றைக்கோ மறுநாளோ ஊசி ஏற்றியிருந்தால் இது வந்திருக்காது. இப்போது ஏற்றியது பிந்திவிட்டது. சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

குழந்தை பிழைத்தாள். முகம் முழுவதும் தழும்பு விழுந்தது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை போயிற்று.

கொட்டாஞ்சேனையில் நோபேட்டின் குடும்பம் இருந்த வளவையும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். வேலைக்குப் போகமுடியாமல் அந்தச் சனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அங்கே ஒருவருக்கும் நோய் வரவில்லை. நோபேட் பிறகு தன் பெட்டியை எடுக்கச் சம்மறிக்கு வந்தான். படியேறவில்லை. முற்றத்தில் நின்றே பெட்டியை வாங்கினான்.

"எங்க வளவுல ஒருத்தருக்கும் வரல்ல. அது ஒங்க புண்ணியமில்ல ஐயா. மாதாட புண்ணியம்," என்றான். அவன் வாசல் படலையைச் சாத்தாமல் போனான்.

நோயை மறைத்ததாக நகரசபை வழக்குப் போட்டது. ஸ்ரீஸ்கந்தராசா வழக்குப் பேசும் புறக்டர் ஒருவரோடு வந்தான். சோதனை போனதில் மெலிந்துவிட்டிருந்தாலும் பேச்சு மெலியவில்லை.

"அண்ணை, வழக்கு லேசு. நாங்கள் டொக்டர்மாரில்லை. கொப்புளிப்பான் எண்டு நினைச்சம். ரயிலில சீழைக் கண்டாப் பிறகுதான் விளங்கிச்சுது, உடனே அறிவிச்சம். இது ஒரு சொல்லுக் காரியம். உங்கடை உத்தியோகம் தப்பும்."

"உன்ரை?"

"என்ரையுந்தான்."

புறக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரயில்வே ஸ்ரேசனில நீங்கள் செய்ததுக்கு நீதவான் பாராட்டினாலும் பாராட்டுவார்," என்றார்.

தில்லைநாதனுக்கு அது பிடிக்காமல் இல்லை. அன்று முழுவதும் அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நினைச்சம். விளங்கிச்சுது. அறிவிச்சம். எங்கேயும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. கோட்டுக்குப் போகும் காலையில்கூட அதைத்தான் சொல்லப்போவதாக எண்ணியிருந்தார்.

கோட்டில் கடைசி வாங்கில் றவூப் உட்கார்ந்திருந்தார். சாட்சியாக அவரை யாரும் கூப்பிடவில்லை. கடையைப் பூட்டிவிட்டுத் தானாக வந்திருந்தார்.

வருத்தம் என்னவென்று எப்போது தெரிந்துகொண்டீர் என்று நீதவான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். தில்லைநாதனுக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தும் தமிழிலேயே பதில் சொன்னார்.

"முத்துப் போட்ட அண்டைக்கே தெரியும்," என்றார். "என்ரை தங்கச்சி இதிலதான் செத்தவள். எனக்கு நல்லாய்த் தெரியும்."

புறக்டர் எழும்பினார். நீதவான் கையைக் காட்டி இருத்தினார்.

"தெரிந்தும் ஏன் அறிவிக்கவில்லை?"

"எனக்குக் கரைச்சல் வரும் எண்டு நினைச்சன், ஐயா." பிறகு இதையும் சொன்னார்: "பக்கத்து வீட்டுப் பிள்ளை வருத்தக்காரன்ரை அறைக்குப் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். மறிக்கேல்லை. மறிச்சால் அவளின்ரை தகப்பனுக்கு விளங்கியிடும் எண்டு பேசாமல் நிண்டனான்."

அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதுவரை றவூபுக்கும் அது தெரியாது. மகள் உள்ளே போனபோது வருத்தம் என்னவென்று மாஸ்டருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் அந்த மனிதர் நினைத்திருந்தார். கடைசி வாங்கில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. தில்லைநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

குற்றப்பணம் கட்டினார். கந்தோரில் தரம் இறக்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா எச்சரிக்கையோடு தப்பி, வேறு சம்மறி பார்த்துக்கொண்டு போனான். மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள். ஊருக்குப் போனபோது கனகேஸ்வரி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள்.

"ரயிலில ஏத்திவிட்டிட்டு வந்திருந்தால் உங்களை ஆர் கேட்டிருப்பினம்?"

"ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். அந்த வருத்தம் ரயிலேறி உன்ரை படலைக்கு வந்திருக்கும்," என்றார்.

அவள் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. மகளுக்கு அடுத்த வருடம் வேறிடத்தில் சம்பந்தம் கூடியது.

தில்லைநாதன் ஒழுங்கையை விட்டுப் போய்விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். காலி நகரத்துக் கந்தோரில் ஒரு இடம் வெறுமையாகியிருந்தது. கேட்டால் மாற்றம் கொடுப்பார்கள் என்று பெரிய கிளாக்கர் சொன்னார். போவதற்கு முன் ஒருமுறை றவூபின் வீட்டு வாசலுக்குப் போனார். பின்னேரம், வெயில் தாழ்ந்த நேரம். றவூப் வெளியே வந்து வாசல்படியில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மன்னிச்சுப்போட்டன் எண்டு சொல்லச் சொல்லிக் கேக்க வரேல்லை," என்றார் தில்லைநாதன்.

"கேட்டாலும் செல்ல ஏலா," என்றார் றவூப். "கோட்டுல நீங்க செல்லினத்தக் கேட்டேன். செல்லாம இருந்தீந்தா எனக்கு இந்த நெருப்பு வந்தீக்காது. செல்லாம இருந்தீந்தா ஒங்கள மனிசனாவும் நெனச்சீக்க மாட்டேன். இப்ப ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறேன்."

உள்ளே றமீலா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ருக்கியா வாசல் பக்கம் திரும்பினாள். நல்ல கண்ணால் ஆளைப் பார்க்க முழுத் தலையையும் திருப்பவேண்டியிருந்தது. பார்த்ததும், முன்போலவே சிரித்தாள்.

"மாஸ்டர், கப்பல் மாமா எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

றவூப் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு ஒண்டும் தெரியா. நாங்க செல்லயில்ல, செல்லவும் மாட்டோம். ஆனா பெரிசானா கண்ணாடியப் பாப்பா. ஏன் வாப்பா எனக்கு மட்டும் இப்பிடி எண்டு கேப்பா. அண்டைக்கி நான் ஒங்கட கிட்ட அனுப்புவேன். நீங்கதான் செல்லணும். கோட்டுல செல்லின மாதிரியே, ஒண்டும் விடாம. அதுக்கு மட்டும் இங்கயே இரிங்க."

தில்லைநாதன் ஓம் என்று தலையாட்டினார். மறுநாள் பெரிய கிளாக்கரிடம் போய், காலிக்கு வேறு யாரையாவது அனுப்பும்படி சொன்னார். சம்மறி கலைந்துபோன பிறகு அதே வீட்டில் ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். மதிலின் உடைவை றவூப் சிமெந்து பூசி அடைத்துவிட்டார்.

ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் தில்லைநாதன் படலையடியில் நிற்பார். அவள் வருடா வருடம் வளர்ந்தாள். குட்டைப் பாவாடை நீண்டது. பிறகு ஒருநாள் தலையில் முக்காடு வந்தது, அதை அவள் பார்வை போன கண் இருந்த பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். அவரைக் கண்டால் சிரிப்பது மெல்லக் குறைந்தது. அண்மைக் காலமாக, எதிரே வரும்போது சற்று நின்று, முழுத் தலையையும் திருப்பி அவரைப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.